உங்களுக்குத் தெரியுமா? ரயிலைக் கண்டு ஓடாதவர்கள்

சினிமா பிறந்த முதல் பத்துப் பன்னிரண்டு வருடங்களில் எடுக்கப்பட்ட படங்கள் பெரும்பாலும் ஒரு நிமிடம், இரண்டு நிமிடம் ஓடுபவை. அந்தத் துண்டுகளைப் பார்ப்பதையே தொழிலாக்கிக்கொண்டு, ஆரம்பகால சினிமாவிலேயே முனைவர் பட்டம் வாங்கி, சிகாகோ பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் நாற்காலியில் உட்கார்ந்தவர் ஒருவர் உண்டு. பெயர் டாம் கன்னிங். இந்தத் தடவைத் துணுக்குகள் எல்லாம் அவரையும், அவரோடு சேர்ந்து நின்றவர்களையும், அவரோடு மல்லுக்கட்டியவர்களையும், அவர்கள் பார்த்த படங்களையும் சுற்றித்தான்.

● "திரையில் ரயில் வந்தது. மேலே ஏறிவிடும் என்று பயந்து ஜனங்கள் எழுந்து ஓடினார்கள்." சினிமாவைப் பற்றிப் பேசும் எந்த மேடையிலும் இந்தக் கதை வந்துவிடும். 1895 டிசம்பர் 28-ஆம் தேதி பாரிஸில், கிராண்ட் கஃபேயின் கீழ்த்தளத்தில் லூமியேர் சகோதரர்கள் காசு வாங்கிக்கொண்டு முதல் காட்சி நடத்தினார்கள். டிக்கெட் ஒரு பிராங்க். வந்தவர்கள் 33 பேர். அன்று காட்டிய படங்கள் பத்து. அந்தப் பத்தில் ரயில் படம் இல்லவே இல்லை! அது திரைக்கு வந்தது அடுத்த வருடம். அப்போதாவது யாராவது ஓடினார்களா என்று ஜெர்மானிய ஆய்வாளர் மார்ட்டின் லோய்பர்டிங்கர் அந்தக் காலப் பத்திரிகைகளைத் துழாவிப் பார்த்தார். ஓடியதற்குச் சாட்சி ஒன்றுகூடச் சிக்கவில்லை.

● அந்த முதல் காட்சி நடந்த அறைக்கு என்ன பெயர் தெரியுமா? 'இந்திய அறை'. பெயரில் மட்டும்தான் இந்தியா. நிஜ இந்தியாவுக்கு லூமியேர் படங்கள் வந்தது 1896 ஜூலை 7-ஆம் தேதி, பம்பாய் வாட்சன் ஓட்டலுக்கு.

● ஓடினார்களா இல்லையா என்பதைவிட, ஓடியிருப்பார்கள் என்று நாம் ஏன் இத்தனை ஆசையாக நம்புகிறோம் என்பதுதான் கன்னிங்குக்குச் சுவாரஸ்யமாகப் பட்டது. 1989-ல் இதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அன்றைய பாரிஸ்காரர்கள் காட்டுக்குள்ளிருந்து நேராகக் கொட்டகைக்கு வந்தவர்கள் இல்லையே. மேஜிக் பார்த்தவர்கள், மாய விளக்குப் படங்கள் பார்த்தவர்கள், மெழுகு பொம்மைக் கண்காட்சிக்குப் போய்வந்தவர்கள். திரையில் தெரிவது நிஜ ரயில் இல்லை என்பது அவர்களுக்கு நன்றாகவே தெரியும். தெரிந்தும் வாய் பிளந்தார்களே, அந்த வியப்புக்குத்தான் காசு கொடுத்தார்கள் என்பது அவர் கட்சி. மந்திரவாதி பெண்ணை இரண்டாக அறுக்கும்போது யாராவது போலீசைக் கூப்பிடுகிறார்களா?

● இன்னொன்றையும் கன்னிங் எடுத்துக் காட்டினார். ஆரம்பக் காட்சிகளில் படம் ஓடிக்கொண்டே திரைக்கு வராது. முதலில் அசையாத புகைப்படமாகத்தான் விழும். பிறகு ஆபரேட்டர் கைப்பிடியைச் சுற்றுவார். நின்ற படம் நடக்கத் தொடங்கும். வித்தையே அந்த ஒரு நொடியில்தான் இருக்கிறது. பிற்பாடு சந்திரனுக்குப் படத்திலேயே ராக்கெட் விட்ட ஜார்ஜ் மெலியஸ் அந்த முதல் காட்சிக்குப் போயிருந்தார். தெருவின் அசையாத படம் திரையில் விழுந்ததும், இதைத்தானே நாம் பத்து வருடமாகக் காட்டிக்கொண்டிருக்கிறோம், இதற்கா கூப்பிட்டார்கள் என்று பக்கத்திலிருந்தவரிடம் அலுத்துக்கொண்டாராம். சொல்லி முடிப்பதற்குள் படத்திலிருந்த குதிரை வண்டியை இழுத்துக்கொண்டு அவரை நோக்கி நடந்து வந்தது. மெலியஸ் வாயடைத்துப்போனார். தொழில்முறை மந்திரவாதி அவர், அவருக்கே அப்படி.

● திரையைப் பார்த்துப் பயப்படும் பட்டிக்காட்டானைக் கேலி செய்து 1901-லேயே இங்கிலாந்தில் ஆர்.டபிள்யூ. பால் ஒரு படம் எடுத்துவிட்டார். அடுத்த வருடம் எடிசன் கம்பெனி அதே சமாச்சாரத்தை 'அங்கிள் ஜாஷ்' என்ற பெயரில் எடுத்தது. ஆக, ரயில் வந்து ஐந்தாறு வருடத்துக்குள் பயப்படுவது நகைச்சுவை ஆகிவிட்டது. பார்த்துச் சிரிக்க ஆள் இருந்ததால்தானே எடுத்தார்கள்?

● கன்னிங்கின் வாழ்க்கையைத் திருப்பிவிட்டது ஒரு கடற்கரை ஊர். இங்கிலாந்தின் பிரைட்டனில் 1978-ல் உலகத் திரைப்படக் காப்பகங்களின் மாநாடு கூடியது. 1900-லிருந்து 1906 வரை எடுக்கப்பட்ட கதைப்படங்களில் கைக்குக் கிடைத்தவற்றையெல்லாம் ஓரிடத்தில் போட்டுப் பார்த்துவிடுவது என்று திட்டம். ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள். அதுவரை சினிமா வரலாறு எழுதிய பலர் இந்தப் படங்களைப் பார்க்காமலே எழுதியிருந்தார்கள். ஒருவர் எழுதியதை இன்னொருவர் பார்த்து எழுதியது அது. ஆரம்ப காலத்தவருக்குப் படம் எடுக்கத் தெரியவில்லை, தட்டுத் தடுமாறிக் கற்றுக்கொண்டார்கள், பிறகு அமெரிக்க இயக்குநர் டி.டபிள்யூ. கிரிஃபித் வந்து கற்றுக்கொடுத்தார் என்று ஒரு பாட்டு. படங்களை வரிசையாகப் பார்த்ததும் அந்தப் பாட்டு அங்கேயே சுருதி இறங்கியது. கன்னிங், கனடாவின் ஆந்த்ரே கோத்ரோ, சார்லஸ் மஸர், நோயல் பர்ச் என்று அந்தப் படங்களைப் பார்த்து முடித்தவர்களில் பலர் வாழ்நாள் முழுக்க அதிலிருந்து மீளவே இல்லை.

● பிரைட்டனில் கூடியதிலும் ஒரு பொருத்தம் உண்டு. அதை ஒட்டிய ஹோவ் என்ற ஊரில்தான் 1900 வாக்கில் ஜி.ஏ. ஸ்மித்தும் ஜேம்ஸ் வில்லியம்சனும் படம் எடுத்தார்கள். ஸ்மித் அதற்கு முன்பு மேடையில் மனோவசியம் செய்து பிழைத்தவர். வில்லியம்சன் எடுத்த ஒரு படத்தில், தன்னைப் படம் பிடிக்காதே என்று சண்டைக்கு வரும் ஆசாமி கிட்டே, கிட்டே, இன்னும் கிட்டே வந்து வாயைத் திறந்து கேமராவையும் கேமராக்காரரையும் சேர்த்து விழுங்கிவிடுகிறார். பிறகு மென்றுகொண்டே பின்னால் நகர்கிறார். வருடம் 1901.

● நியூயார்க் பல்கலைக்கழகத்தில் கன்னிங்குக்கு வாய்த்த வாத்தியார் ஜே லெய்டா. சாதாரண ஆள் இல்லை. 1930-களில் மாஸ்கோ போய் சோவியத் இயக்குநர் ஐசன்ஸ்டைனிடமே சினிமா படித்தவர். அவருடைய எழுத்துகளை ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்தவர். கிரிஃபித்தின் பழைய குறும்படங்களை மாணவர்களோடு உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்ப்பது லெய்டாவின் பாணி. ஐசன்ஸ்டைனின் ஒரு சொல் எப்படி ஒரு அமெரிக்க மாணவரின் கைக்கு வந்து சேர்ந்தது என்பதற்கு இதைவிட நேரான பாதை வேண்டியதில்லை.

● அந்தச் சொல்: 'ஈர்ப்பு'. 1923-ல் ஐசன்ஸ்டைன் இன்னும் நாடகக்காரர்தான். பழைய நாடகம் ஒன்றை எடுத்து, அதில் சர்க்கஸ், கயிற்று நடை எல்லாம் சேர்த்து மேடையேற்றினார். கடைசியில் பார்வையாளர்களின் இருக்கைக்கு அடியில் வெடி! பார்ப்பவனை உலுக்குகிற ஒவ்வொன்றும் ஒரு ஈர்ப்பு என்றார். சொல்லே பொழுதுபோக்குப் பூங்காவிலிருந்து வந்தது. குலுக்கி எடுக்கும் ரோலர் கோஸ்டர் மாதிரியான சமாச்சாரம். அதற்கு ரஷ்ய மொழியில் இன்றைக்கும் பெயர் 'அமெரிக்க மலைகள்'.

● கன்னிங்கும் கோத்ரோவும் இந்தச் சொல்லை எடுத்து ஆரம்பகால சினிமாவுக்குப் பொருத்திச் சேர்ந்து எழுதிய கட்டுரையை 1985-ல் பிரான்சின் செரிஸியில் நடந்த கருத்தரங்கில் வாசித்தார்கள். ஒருவர் அமெரிக்கர், ஒருவர் கியூபெக்காரர், இடம் பிரான்சு. கட்டுரை முதலில் அச்சேறிய மொழி? ஜப்பான் மொழி! 1986-ல். பிரெஞ்சில் அச்சானது அதற்கு மூன்று வருடம் கழித்து.

● கன்னிங் தனியாக எழுதி 1986-ல் வெளியான கட்டுரைதான் உலகம் முழுவதும் சினிமா மாணவர்கள் படிக்கும் கட்டுரை. 'ஈர்ப்புகளின் சினிமா' என்று தமிழில் சொல்லிக்கொள்ளலாம். சாரம் இதுதான்: சுமார் 1906 வரை சினிமா கதை சொல்வதைவிட எதையாவது காட்டுவதில்தான் முனைப்பாக இருந்தது. நடிகர் கேமராவை நேராகப் பார்ப்பார், கண்ணடிப்பார், வணக்கம் போடுவார். நீ பார்க்கிறாய் என்று எனக்குத் தெரியும் என்பதாக ஒரு தோரணை. பிற்கால சினிமா பார்வையாளன் அங்கே இல்லாதது மாதிரி பாசாங்கு செய்யும், இது செய்யாது.

இதைப் பேராசிரியர்கள் பக்கம் பக்கமாக விளக்க வேண்டியிருந்தது. தமிழில் சுலபம். நம் ஊரில் 'படம் காட்டுகிறான்' என்றால் என்ன பொருள் என்று யாருக்கும் பாடம் எடுக்க வேண்டாம். கோத்ரோ இதற்கென்றே 'காட்டுதல்' என்ற பொருளில் பிரெஞ்சில் ஒரு கலைச்சொல்லைப் புழக்கத்தில் விட்டார். டூரிங் டாக்கீஸ்காரர் காலம் தொட்டு நாம் படம் 'காட்டி'க்கொண்டுதான் இருக்கிறோம். நமக்கு அது கலைச்சொல் இல்லை, வீட்டுச் சொல்.

● கதை வந்ததும் ஈர்ப்பு செத்துப்போனதா? இல்லை, உள்ளே போய் ஒளிந்துகொண்டது என்றார் கன்னிங். இசைப்படங்களில் தலைகாட்டும், பரிசோதனைப் படங்களில் தலைகாட்டும், ஸ்பீல்பெர்க் வகையறா பிரம்மாண்டங்களில் தலைகாட்டும் என்று அந்தக் கட்டுரையிலேயே சொல்லிவிட்டார். கதாநாயகனின் அறிமுகக் காட்சிக்கு விசில் அடித்தவர் நீங்கள் என்றால், அவர் எதைச் சொல்கிறார் என்று உங்களுக்கு முன்பே தெரியும்.

● 1903-ல் வந்த 'கிரேட் டிரெயின் ராபரி'யில் கொள்ளைக்கூட்டத் தலைவன் பார்வையாளரின் முகத்துக்கு நேராகத் துப்பாக்கியை நீட்டிச் சுடும் காட்சி ஒன்று உண்டு. அது படத்தின் தொடக்கமா, முடிவா? எடிசன் கம்பெனியின் விற்பனைப் பட்டியல் சொன்ன பதில்: இரண்டில் எங்கே வேண்டுமானாலும் ஒட்டிக்கொள்ளலாம், கொட்டகைக்காரர் இஷ்டம். கதைக்கும் அந்தக் காட்சிக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. சுட்டால் நன்றாக இருக்கும், அவ்வளவுதான்.

● கான்சாஸ் நகரத் தீயணைப்புப் படைத் தலைவராக இருந்த ஜார்ஜ் ஹேல், 1905 வாக்கில் ஒரு கொட்டகை போட்டார். வெளியிலிருந்து பார்த்தால் ரயில் பெட்டி. உள்ளே ரயில் இருக்கைகள். கண்டக்டர் உடையில் ஒருவர் டிக்கெட் வாங்குவார். தடதடவென்று சக்கரச் சத்தம், பெட்டிக்கு லேசான ஆட்டம். எதிரே திரையில், ஓடும் ரயிலின் முகப்பில் கேமராவைக் கட்டி எடுத்த படம். டிக்கெட் எடுத்து, ரயிலேறி, எங்கும் போகாமல் இறங்கி வீட்டுக்குப் போனார்கள். இப்போது மால்களில் குலுங்கும் நாற்காலியில் உட்கார வைத்து 'ஏழு பரிமாணம்' என்று காசு பிடுங்குகிறார்களே, அதற்குக் கொள்ளுத்தாத்தா இதுதான்.

● 1986-ல் கன்னிங் கதைக்கு முந்திய சினிமாவைப் பற்றிய கட்டுரையை வெளியிட்டார் அல்லவா? அதே வருடம் அவர் முனைவர் பட்டம் வாங்கிய ஆய்வேடு கதை எப்படி வந்தது என்பதைப் பற்றியது! கிரிஃபித் பயோகிராஃப் கம்பெனியில் வேலை பார்த்த காலத்தில் 1908, 1909 ஆகிய இரண்டே வருடத்தை எடுத்துக்கொண்டார். அப்போது கம்பெனி வாரத்துக்கு இரண்டு படம் வெளியிட்டுக்கொண்டிருந்தது. ஆய்வேடு விரிந்து 1991-ல் புத்தகமானது. கதை சொல்லும் சினிமா பிறந்ததற்குக் கிரிஃபித் என்ற மேதை மட்டும் காரணமில்லை, அன்றைய வியாபாரச் சூழலும் காரணம் என்று அதில் காட்டினார்.

● என்ன சூழல்? 1908 கிறிஸ்துமஸுக்கு முந்திய நாள் நியூயார்க் மேயர் மெக்லெல்லன் ஊரிலிருந்த சினிமாக் கொட்டகைகள் அத்தனைக்கும் உரிமத்தை ரத்து செய்தார். தீ அபாயம் ஒரு காரணம், ஒழுக்கம் இன்னொரு காரணம். கொட்டகைக்காரர்கள் நீதிமன்றம் போய்த் திறந்துகொண்டார்கள் என்றாலும் சினிமாக்காரர்களுக்கு வயிற்றில் புளி கரைந்துவிட்டது. நாங்களும் நல்லவர்கள்தான் என்று காட்டியாக வேண்டும். 1909-ல் கிரிஃபித் எடுத்த ஒரு படத்தில் குடிகாரன் ஒருவன் மகளோடு நாடகம் பார்க்கப் போகிறான். மேடையிலும் ஒரு குடிகாரன் கதை. மேடை, இவன் முகம், மேடை, இவன் முகம் என்று மாறி மாறி வர, நாடகம் முடிவதற்குள் இவன் திருந்திவிடுகிறான். ஒரு மனிதனின் மனசுக்குள் நடப்பதைக் காட்சிகளை ஒட்டியே சொல்ல முடியும் என்பதற்குக் கன்னிங் அக்கறையோடு பிரித்துக் காட்டிய படம் இது. குடியை நிறுத்துங்கள் என்று சொல்லப் போய், படத்தொகுப்பு வளர்ந்தது.

● இத்தனை பழைய படங்கள் எப்படி மிஞ்சின? காகிதத்தால்! அமெரிக்கக் காப்புரிமைச் சட்டத்தில் 1912 வரை சினிமா என்ற பெயரே கிடையாது; புகைப்படத்துக்கு மட்டும்தான் உரிமை. ஆகவே தயாரிப்பாளர்கள் படச்சுருளின் ஒவ்வொரு சட்டகத்தையும் நீளமான புகைப்படக் காகிதத்தில் அச்சிட்டு, இது புகைப்படம்தான் ஐயா என்று காங்கிரஸ் நூலகத்தில் பதிவு செய்துவிட்டார்கள். அந்தக் காலத்து நைட்ரேட் சுருள் தீப்பற்றும், இல்லாவிட்டால் மக்கிக் கூழாகும். காகிதச் சுருள்களோ நூலகத்தில் கேட்பாரற்றுப் பத்திரமாகக் கிடந்தன. மூவாயிரத்துக்கும் மேல். கெம்ப் நைவர் என்பவர் அவற்றைச் சட்டகம் சட்டகமாகப் படம் பிடித்து மறுபடியும் பிலிமுக்கு மாற்றினார். அவர் போலீஸ் இலாகாவில் துப்பறிந்தவர். இந்த வேலைக்காக 1955-ல் அவருக்குக் கௌரவ ஆஸ்கர் கொடுத்தார்கள். கிரிஃபித்தைப் பற்றி இன்று யார் எதை எழுதினாலும் அதன் அடியில் இந்தக் காகிதச் சுருள் கிடக்கும்.

● அப்படிப் பதிவாகி மிஞ்சியவற்றில் மிகப் பழையது 1894 ஜனவரியில் பதிவான ஒரு தும்மல். எடிசன் கம்பெனி ஊழியர் ஃபிரெட் ஆட் மூக்குப்பொடி போட்டுத் தும்முகிறார். ஐந்து விநாடி.

● பேராசிரியர்களுக்கு முன்பே இந்தப் படங்களின் ருசியைக் கண்டுகொண்டது பரிசோதனைப் படக்காரர்கள்தான். 1905-ல் பயோகிராஃப் எடுத்த சில நிமிடப் படம் ஒன்றை, கென் ஜேக்கப்ஸ் என்பவர் திரையில் ஓடவிட்டு மறுபடி படம் பிடித்தார். நிறுத்தினார், பின்னோக்கி ஓட்டினார், கூட்டத்தின் ஒரு மூலையில் நிற்பவரின் கையை மட்டும் பெரிதாக்கினார். 1969-ல் அது ஏறத்தாழ இரண்டு மணி நேரப் படமானது. கன்னிங் இந்தப் பரிசோதனைப் படங்களையும் விடாமல் பார்த்தவர். பழைய படங்களைத் 'தேறாதவை' என்று ஒதுக்காமல் 'வேறு மாதிரியானவை' என்று பார்க்கும் கண் அவருக்கு இங்கிருந்தும் வந்தது என்பேன்.

● இனி நகரத்துக்கு வருவோம். அமெரிக்காவின் பிரபலமான பேஸ்பால் அணி 'டாட்ஜர்ஸ்'. இப்போது லாஸ் ஏஞ்சலஸில் இருக்கிறது; பிறந்தது நியூயார்க்கின் புரூக்லினில். டாட்ஜர் என்றால் விலகி ஓடுகிறவன். எதிலிருந்து விலகி? டிராமிலிருந்து! 1890-களில் குதிரை டிராம் போய் மின்சார டிராம் வந்தது. வேகம் பிடிபடாமல் ஜனங்கள் அடிபட்டுச் செத்தார்கள். புரூக்லின்காரர்களுக்கு 'டிராமுக்குத் தப்பி ஓடுகிறவர்கள்' என்றே பட்டப்பெயர். அதுவே அணிக்கும் ஒட்டிக்கொண்டது. இந்த விபத்துகளைப் பத்திரிகைகள் எப்படிக் கோரமான சித்திரங்களாகப் போட்டுத் தள்ளின என்பதை பென் சிங்கர் என்ற ஆய்வாளர் தோண்டி எடுத்து 2001-ல் ஒரு புத்தகத்தில் எழுதினார். தெருவில் இறங்கினாலே அதிர்ச்சி. அந்த வாழ்க்கைக்கு ஏற்ற கேளிக்கையாக வந்தது சினிமா என்பது சிங்கர், கன்னிங் போன்றவர்களின் கட்சி.

● 1900-ல் செசில் ஹெப்வொர்த் எடுத்த படத்தின் பெயரே 'கார் ஏறினால் எப்படி இருக்கும்' என்ற அர்த்தத்தில்தான். சாலையில் கார் நேராக வருகிறது, வருகிறது, வந்து கேமரா மேலேயே ஏறிவிடுகிறது. திரை இருண்டுவிடும். சாலையில் கார் பார்ப்பதே அபூர்வமாக இருந்த காலம் அது.

● கன்னிங் தரப்பு இதையெல்லாம் வானத்திலிருந்து இறக்கவில்லை; ஜெர்மானியச் சிந்தனையாளர்கள் முன்பே தொட்டதுதான். பெருநகரத்து நரம்புக் கிளர்ச்சியைப் பற்றி கேயார்க் சிம்மல் 1903-லேயே எழுதினார். பெர்லினின் பகட்டான சினிமா அரண்மனைகளைப் பற்றி சீக்ஃப்ரீட் கிராகவர் 1926-ல் எழுதினார். வால்டர் பெஞ்சமின் 1930-களில் சினிமாவையும் தொழிற்சாலையையும் தெருக்கூட்டத்தையும் 'அதிர்ச்சி' என்ற ஒரே நூலில் கோத்தார்.

● இதை எல்லோரும் ஒப்புக்கொண்டார்களா? அதுதான் இல்லை. அமெரிக்கச் சினிமாப் படிப்பின் பெரிய வாத்தியார்களில் ஒருவரான டேவிட் போர்ட்வெல் 1997-ல் எழுதிய புத்தகத்தில் இந்தக் கட்சிக்கு 'நவீனவாழ்வுக் கோட்பாடு' என்ற பொருளில் பெயர் சூட்டி, பெயர் சூட்டிய கையோடு குட்டவும் செய்தார். இரண்டு கேள்வி. மனிதக் கண்ணும் மூளையும் பல்லாயிரம் வருடப் பரிணாமத்தில் உருவானவை. முப்பது வருட டிராம் ஓட்டத்தில் அவை எப்படி மாறும்? சரி, மாறியது என்றே வையுங்கள். நகரத்து இரைச்சல் 1906-க்குப் பிறகும் குறையவில்லையே, படங்கள் மட்டும் ஏன் ஈர்ப்பை விட்டுக் கதைக்குத் தாவின?

இரண்டாவது கேள்வி பொல்லாத கேள்வி. கண்ணின் நரம்பு மாறியது என்று நான் எங்கே சொன்னேன், அனுபவம் மாறியது என்றுதான் சொன்னேன் என்பது கன்னிங் தரப்பின் பதில். 2006-ல் எழுதிய கட்டுரையில், நவீன வாழ்க்கை என்பது அதிர்ச்சி மட்டும் இல்லை, அதில் ஓட்டமும் ஒழுங்கும் சேர்ந்தே இருக்கின்றன என்று தன் வாதத்தை விரித்துக்கொண்டார். அதாவது டிராம் மோதவும் செய்யும், நேரத்துக்கு ஓடவும் செய்யும். என் தீர்ப்பைக் கேட்டால், சண்டையில் கேள்வி கேட்டவருக்குத்தான் புள்ளி அதிகம். ஆனால் படங்களை மறுபடி எடுத்துப் பார்க்க வைத்தது கன்னிங் சொன்ன பதில்தான்.

● நெவாடாவின் கார்சன் சிட்டியில் 1897 மார்ச் 17-ல் ஜிம் கார்பெட்டுக்கும் பாப் ஃபிட்ஸ்சிம்மன்ஸுக்கும் குத்துச்சண்டை. மொத்தச் சண்டையையும் படமாக்கினார்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடியது. குத்துச்சண்டை மைதானத்துப் பக்கம் பெண்கள் போவது அன்றைக்கு மரியாதைக் குறைவு. படத்துக்கோ பெண்கள் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். அரைகுறை ஆடையில் ஆண்கள் மல்லுக்கு நிற்பதை முதல்முறையாக உட்கார்ந்து பார்த்தார்கள். யாரும் திட்டமிடாமல் சினிமாக் கொட்டகை பெண்களுக்கு ஒரு பொது இடத்தைத் திறந்துவிட்டது. சிகாகோவில் கன்னிங்கின் சகாவான மிரியம் ஹான்சன் 1991-ல் எழுதிய புத்தகத்தின் தொடக்கத்திலேயே இந்தச் சண்டையை நிறுத்தியது சும்மா இல்லை. அதே புத்தகத்தின் பிற்பகுதி நடிகர் ருடால்ஃப் வாலன்டினோவையும் அவர்மேல் பைத்தியமாக இருந்த ரசிகைகளையும் பற்றியது.

● ஹான்சன் 1949-ல் ஜெர்மனியில் பிறந்தவர். பிராங்க்பர்ட்டில் வாங்கிய முனைவர் பட்டம் எதில்? எஸ்ரா பவுண்டின் கவிதையியலில்! அமெரிக்கா வந்து, யேலிலும் ரட்கர்ஸிலும் பாடம் நடத்தி, 1990-ல் சிகாகோ சேர்ந்து, அங்கே சினிமாப் படிப்பை ஒரு துறையாக நிலைநிறுத்தினார். கன்னிங் அங்கே வந்தது அதற்கு ஆறு வருடம் கழித்து. கிராகவர், பெஞ்சமின், தத்துவவாதி அடோர்னோ மூவரும் சினிமாவைப் பற்றி என்ன நினைத்தார்கள் என்பது குறித்து ஹான்சன் பல வருடமாக எழுதிக்கொண்டிருந்த பெரிய புத்தகம் 2011-ல் வெளிவந்தது. அதே வருடம் பிப்ரவரியில் அவர் இறந்துவிட்டார்.

● ஹான்சனின் மாணவி ஜாங் ஜென், ஷாங்காயின் பேசாப் படங்களை ஆராய்ந்து 2005-ல் கொண்டுவந்த புத்தகத்தின் தலைப்பு 1931-ல் வந்த ஒரு சீனப் படத்தின் தலைப்பேதான். ஹாலிவுட்டை நகல் எடுத்தார்கள் என்று ஒதுக்கப்பட்ட ஊர்ப் படங்களில், அந்தந்த ஊர்க்காரர்கள் நவீன வாழ்க்கையோடு போட்ட மல்லுக்கட்டு தெரிகிறது என்பது ஹான்சனின் கொள்கை. நவீனத்துவத்துக்கும் 'வட்டார வழக்கு' உண்டு என்றார்.

● 1904-ல் பயோகிராஃப் எடுத்த ஒரு படம்: குற்றவாளிப் பெண்ணை இரண்டு போலீஸ்காரர்கள் பிடித்து நிறுத்தியிருக்கிறார்கள், அடையாளப் புகைப்படம் எடுக்க. கேமரா மெதுவாக அவளை நெருங்குகிறது. அவளோ முகத்தை அஷ்டகோணலாக்கிக்கொண்டே இருக்கிறாள்! எந்தக் கோணலை வைத்து நாளைக்கு அடையாளம் காண்பீர்கள்? பாரிஸ் போலீஸில் பெர்ட்டியோன் குற்றவாளிகளின் காதையும் மூக்கையும் அளந்து, நேர்முகமும் பக்கவாட்டுமாகப் புகைப்படம் எடுத்து அட்டவணை போட்ட காலம் அது. புகைப்படம், துப்பறிதல், சினிமா மூன்றையும் முடிச்சுப் போட்டுக் கன்னிங் எழுதிய 1995-ஆம் வருடத்துக் கட்டுரையில் இந்தப் பெண்ணின் கோணல் முகம் வருகிறது. அவர் எழுதியவற்றில் முதலில் எதைப் படிக்கலாம் என்று யாராவது கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன்.

● ஆரம்ப காலப் படங்களோடு அவர் நின்றுவிடவில்லை. 'எம்', 'மெட்ரோபோலிஸ்' எடுத்த ஃபிரிட்ஸ் லாங்கைப் பற்றி 2000-ல் கனமான ஒரு புத்தகம் போட்டார். 2009-ல் மெல்லன் அறக்கட்டளையின் உயர் விருது கிடைத்தது. பதினைந்து லட்சம் டாலர் வரை தந்த விருது அது. ஒரு நிமிடப் படங்களைப் பார்ப்பது வேலையா என்று கேட்டவர்களுக்கு இதைச் சொல்லலாம்.

● 1986-ல் வந்த கட்டுரை சில பக்கம்தான். இருபது வருடம் கழித்து அந்த ஒரு கட்டுரையையும் அதன் கருத்தையும் சுற்றிப் பலர் எழுதிய கட்டுரைகளைத் தொகுத்து ஆம்ஸ்டர்டாமிலிருந்து தடிமனான புத்தகம் வந்தது. தொகுத்தவர் வாண்டா ஸ்ட்ராவன்.

● அமெரிக்காவில் 1912 முதல் 1929 வரை வெளியான பேசா முழுநீளப் படங்கள் ஏறத்தாழ 11,000. அவற்றில் முதலில் வெளியான அதே 35 மி.மீ. வடிவில் முழுசாக எஞ்சியவை 14 சதவீதம்தான் என்று காங்கிரஸ் நூலகம் 2013-ல் கணக்குச் சொன்னது. காகிதத்தில் பதிவு செய்யும் வழக்கம் 1912-க்குப் பிறகு நின்றுபோனதை நினைத்துக்கொள்ளுங்கள். நம் பக்கம் நடராஜ முதலியாரின் பேசாப் படமான 'கீசக வதம்' ஒரு அடிகூட மிஞ்சவில்லை.

● சிகாகோவுக்கும் சென்னைக்கும் நிஜமாகவே ஒரு தொடர்பு உண்டு. தென்னிந்தியாவில் பேசாப் படங்களைப் பார்க்க வந்த ஜனங்கள் யார் என்பதைப் பற்றி ஸ்டீபன் ஹியூஸ் 1996-ல் முனைவர் பட்டம் வாங்கியது அதே சிகாகோ பல்கலைக்கழகத்தில்தான். அவர் மானிடவியல்காரர். அவருக்கும் முன்னால், 1981-லேயே, தென்னிந்திய நாடகம், சினிமா, தேசிய இயக்கம் மூன்றையும் சேர்த்துப் புத்தகம் எழுதிவிட்டவர் நம் தியடோர் பாஸ்கரன். அவர் எந்தப் பல்கலைக்கழகத்தில் சம்பளம் வாங்கினார் என்று கேட்காதீர்கள். அவர் வேலை பார்த்தது தபால் இலாகாவில்.

● இன்னொரு இலாகாவும் உண்டு. 1905-ல் பிரெஞ்சுக்காரர் துபோனிடமிருந்து புரொஜெக்டரையும் படங்களையும் விலைக்கு வாங்கிக்கொண்டு, கூடாரம் கட்டி ஊர் ஊராகப் படம் காட்டக் கிளம்பிய சாமிக்கண்ணு வின்சென்ட் அதுவரை திருச்சியில் பார்த்த உத்தியோகம், ரயில்வேயில்!

● ஃபிரெட் ஆட் தும்முவது, கொள்ளைக்காரன் சுடுவது, குற்றவாளிப் பெண் முகத்தைக் கோணுவது என்று இந்தக் காகிதச் சுருள் படங்களில் பலவற்றைக் காங்கிரஸ் நூலகத்தின் இணையதளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். தும்மலுக்கு ஐந்து விநாடி போதும், பார்த்துவிட்டு எழுதுங்கள்.